செவன் ஹில்ஸ் பற்றி ஒரு சொல்

செவன் ஹில்ஸ்
22.08.1976

அன்பின் அண்ணா,

நீங்கள் பணிப்பாளர் ஆன செய்தியை நீங்கள் எழுதி நான் அறியவில்லை. பக்டரி நோட்டீஸ் பலகையில் உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறார்களாம். இவர் வேலையால் வந்து, "உம்மட கொண்ணை கோட்டும் சூட்டுமாய் நிக்கிறார், ஆளை மட்டுக்கட்டவே நேரமெடுத்தது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். தங்கச்சிக்கு இரண்டு வரி எழுத நேரமில்லாத அளவுக்கு நீங்கள் பெரிய ஆளாகியதில்தான் கொஞ்சம் கவலை.

சரி, குறை சொல்ல எழுதவில்லை. எங்கள் ஹார்லோ கம்பனியும் ஒசாக்காவிலுள்ள மினேகாவா கம்பனியும் ஒன்றாகிய நாளிலிருந்து இங்கே ஒரே கதைதான். தகடு அழுத்துகிற பக்டரி இரண்டு எதற்கு, மெல்பேர்னிலுள்ள மல்கிரேவ் ஒன்றே போதும், செவன் ஹில்ஸை மூடப் போகிறார்கள் என்கிறார்கள். ஜப்பானிலிருந்து ஓகா என்று ஓர் இளம் எஞ்சினியர் வந்து பிரஸ் மெஷின்கள் நிற்கிற நிலத்தை அளந்து கொண்டு திரிகிறாராம். மூடாத பக்டரியின் நிலத்தை எவராவது அளப்பார்களா?

எங்களை இந்தச் சிட்னிக்கு வரச் சொன்னது நீங்கள். காங்கேசன்துறை சீமெந்து ஆலையில் நல்ல வேலையில் இருந்த இவரை, "மச்சான், இங்கை வா, ஃபோர்மனாய்ப் போடுவினம்" என்று கூப்பிட்டதும் நீங்கள். இவருக்கு நாற்பத்தாறு வயது. இந்த வயதில், இந்த நிறத்தில், இந்த ஆங்கிலத்தில், வேறு எவன் ஃபோர்மன் வேலை கொடுப்பான்? மூடினால் நாங்கள் முடிந்தோம். சபையில் உங்களுக்கு ஒரு கதிரை இருக்கிறது. அதில் இருந்துகொண்டு எங்களுக்காக ஒரு சொல் சொல்லுங்கள்.

மச்சாளையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் தங்கச்சி
இராஜேஸ்வரி


மல்கிரேவ்
05.09.1976

அன்புள்ள இராஜேஸ்,

உன் கடிதம் கிடைத்தது. நீ சின்ன வயதிலிருந்தே மழை இருட்டினால் வெள்ளம் வந்துவிட்டது என்று கத்துகிறவள். கொஞ்சம் பொறு.

ஒரு கம்பனியை எப்படி நடத்துவது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. பக்டரியை மூடுவது பணிப்பாளர் சபையில் வைத்து, கதைத்து, கை உயர்த்தி எடுக்க வேண்டிய முடிவு. அந்தக் கூட்டம் நவம்பரில்தான். எவனோ நிலம் அளந்தான் என்பதற்காக ஒரு பக்டரி மூடப்படாது. நான் இத்தனை வருடம் இந்தக் கம்பனியின் கணக்கைப் பார்த்தவன். செவன் ஹில்ஸ் நட்டத்தில் ஓடவில்லை என்று எனக்குத் தெரியும், அதைச் சபையில் எழுந்து சொல்லப் போகிறவனும் நான்தான். பேச வேண்டியதை இப்போதே எழுதத் தொடங்கிவிட்டேன். உன் மச்சாள் சிவனேஸ்வரிக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் நீளம்" என்றாள்.

தலைவர் பேட்டர்சன் தன் பங்குகளை நல்ல விலைக்கு விற்றுவிட்டார், அவர் எதற்கும் தலையாட்டுவார். ஆனால் ஒசாக்கா அனுப்பிய நொகுச்சி என்ற மனிதர் மரியாதையானவர். வயது அறுபதுக்குக் கிட்ட. என்னைக் கண்டால் தான் முதலில் குனிகிறார். வெள்ளைக்காரர் பலர் இத்தனை வருடத்தில் செய்யாத காரியம். அவர் ஒருநாள் என் வீட்டுக்கு வந்து எங்கள் சாப்பாடு சாப்பிட வேண்டும் என்று தானாகவே கேட்டிருக்கிறார். சிவனேஸ்வரி இப்போதே நண்டுக்குச் சொல்லி வைத்துவிட்டாள்.

மச்சானை நிம்மதியாக வேலைக்குப் போகச் சொல்.

அண்ணா
கதிர்காமநாதன்


செவன் ஹில்ஸ்
19.09.1976

அன்பின் அண்ணா,

நவம்பர் வரும் மட்டும் ஏன் காத்திருக்க வேண்டும்? இவர் சொல்கிறார், "கொண்ணை சொல்லுறதை இப்பவே அந்த மனுசனிட்டைச் சொன்னால் என்ன? கூட்டத்திலை சொல்லத்தான் வேணும் எண்டு ஏதும் நேர்த்தியோ?" என்று. எனக்கும் அது சரியாகப் படுகிறது. வீட்டுக்கு வருகிற மனிதரிடம் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள்.

நண்டுக் கறிக்கு முருங்கை இலை போடச் சொல்லுங்கள். அங்கே கிடைக்காது என்று தெரியும், சும்மா சொன்னேன்.

இராஜேஸ்


மல்கிரேவ்
11.10.1976

அன்புள்ள இராஜேஸ்,

நேற்று நொகுச்சி வந்தார். உனக்கு விபரமாக எழுத வேண்டும் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

ஒரு பெட்டி பழமும் ஒரு போத்தல் விஸ்கியும் கொண்டுவந்தார். சப்பாத்தை வாசலில் கழற்றி, முனை வெளியே பார்க்க அடுக்கி வைத்தார். சிவனேஸ்வரிக்கு அதிலேயே மனம் நிறைந்துவிட்டது. புட்டு, நண்டுக் கறி, கத்தரிக்காய் பொரித்த குழம்பு. கரண்டி கொடுத்தோம், வேண்டாம் என்று எங்களைப் பார்த்து கையால் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

செவன் ஹில்ஸ் கதையும் வந்தது, பயப்படாதே. விஸ்கி ஊற்றும்போது, "இரண்டு இடமும் ஓரிடமானால் உங்கள் மனதுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். நான் சிரித்து, பிறகு பார்ப்போம், முதலில் சாப்பிடுங்கள் என்றேன். சாப்பாட்டின் நடுவிலும் திரும்பக் கேட்டார், அங்கே கஷ்டங்கள் இருக்குமா என்று. கஷ்டம் எங்கேதான் இல்லை என்று சொல்லி இன்னொரு நண்டுக் காலை வைத்தேன். காரடியில் நின்றும் கேட்டார், வேறேதும் சொல்ல இருக்கிறதா என்று. மிகவும் சந்தோஷம், திரும்ப வாருங்கள் என்று கையைப் பிடித்தேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் காரில் ஏறினார்.

நீ கேட்பாய், ஏன் அங்கேயே சொல்லவில்லை என்று. வீட்டுக்கு வந்து சாப்பாட்டுக் கோப்பையில் கை வைத்த மனிதரோடு வாக்குவாதம் பண்ணுகிற வளர்ப்பா எங்களுடையது? அம்மா உயிரோடு இருந்தால் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுத் திட்டியிருப்பார். அதற்கு இடம் சபை. அங்கே என் வாயை எவரும் மூட முடியாது. இந்த மனிதர் இப்போது எங்கள் பக்கம் என்பதை மட்டும் நம்பு.

அண்ணா


மல்கிரேவ்
20.11.1976

இராஜேஸ்,

தந்தி அடிக்கலாம் என்று நினைத்தேன், அடிக்கவில்லை. மூடுகிறார்கள். மார்ச்சுக்குள்.

நான் பேசினேன். எழுதிய முழுவதையும் பேசினேன். பேசும்போது எவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நொகுச்சி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். முடித்துக் கதிரையில் இருந்தபோது ஒருவரும் மறுத்துக்கூடப் பேசவில்லை, அதுதான் பெரிய கொடுமை. மறுத்தால் பதில் சொல்லலாம். பேட்டர்சன் மட்டும் கடிதக் கட்டைப் புரட்டிக்கொண்டு, "நாதன், உங்களுக்கும் இது சம்மதம் என்றல்லவா எங்களுக்குச் சொன்னார்கள்" என்றார். யார் சொன்னது என்றேன். அவர் நொகுச்சியைப் பார்த்தார். பிறகு தேநீர் வந்தது.

என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. சபைக் கதிரையில் இருந்த எனக்கே, எந்தச் சபையில் முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லை.

மச்சானுக்காக ஒன்று செய்ய முடிந்தது. பிரஸ் மெஷின்களைக் கழற்றி மல்கிரேவுக்கு அனுப்பும் வேலை முடியும்வரை அவரை வைத்திருப்பார்கள். பிறகு இங்கே ஒரு வேலைக்கு நான் பார்க்கிறேன். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யோசி.

அண்ணா


செவன் ஹில்ஸ்
04.12.1976

அண்ணா,

உங்களுக்குப் பிடிபடாததை எனக்கு விளங்கப்படுத்த ஆள் கிடைத்துவிட்டது. நிலம் அளந்த அந்த ஓகா போன கிழமை இவரோடு மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்து சொன்ன கதையைக் கேளுங்கள்.

அவர்கள் நாட்டில் கூட்டம் என்பது முடிவெடுக்கிற இடம் இல்லையாம். முடிந்த காரியத்துக்கு எல்லாரும் சேர்ந்து தேநீர் குடிக்கிற இடமாம். அதற்கு முன்பே ஒரு மனிதர் ஒவ்வொருவராகத் தேடிப் போவார். வீட்டுக்கு, கடைக்கு, குடிக்கிற இடத்துக்கு. மெல்லக் கேட்பார். மறுப்பு இருக்கிறவன் அங்கேதான் சொல்ல வேண்டும். அங்கே சொல்லாமல், எல்லாருக்கும் முன்னால் கூட்டத்தில் எழுந்து சொன்னால், வீடு தேடி வந்தவரை முகத்தில் அடித்தது மாதிரியாம். ஓகா சொன்னாராம், "மிஸ்டர் நாதனிடம் மூன்று தரம் கேட்டார்களே" என்று. மூன்று தரம்! அந்தப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

கூட்டம் நவம்பரில் நடக்கவில்லை அண்ணா. உங்கள் வீட்டு மேசையில் நடந்தது. விஸ்கியோடு கேட்டார், நண்டோடு கேட்டார், காரடியில் நின்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அவர் அதைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு போனார். அவரில் என்ன பிழை? இவர் அப்போதே சொல்லச் சொன்னார். நானும் எழுதினேன். உங்களுக்கு உங்கள் பேச்சு எல்லாரும் கேட்க வேண்டும், கோட்டுப் போட்டுக்கொண்டு பேச வேண்டும்.

இவர் உங்களைத் திட்டவில்லை. "அவர் என்ன செய்யிறது, வந்த ஆளோடை சண்டை பிடிக்கேலுமே, நானெண்டாலும் அப்பிடித்தான் இருந்திருப்பன்" என்கிறார். அவர் அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் வருகிறது.

கழற்றுகிற வேலையை ஏற்றுக்கொண்டார். வேறு வழி?

இராஜேஸ்வரி


மல்கிரேவ்
16.02.1977

அன்புள்ள இராஜேஸ்,

நான் எழுதிய இரண்டு கடிதத்துக்கும் நீ பதில் போடவில்லை. கோபம் நியாயம், ஆனால் இதை வாசித்து மச்சானிடம் சொல்.

ஒசாக்காவில் மார்ச் முடிவோடு கணக்கு வருடம் முடிகிறது. அதற்கு முன் எல்லா மெஷினும் மல்கிரேவில் நிற்க வேண்டும் என்று அங்கிருந்து நெருக்குகிறார்கள். தூக்குவதற்குப் பெரிய கிரேன் வாடகைக்கு எடுப்பது பற்றிப் போன கிழமைக் கூட்டத்தில் கதை வந்தது. கிரேன்காரர் ஏப்ரலில்தான் வரலாம் என்றிருக்கிறார். பேட்டர்சன், கிரேன் வேண்டாம், எங்கள் ஆட்களே சங்கிலிக் கப்பி போட்டு இறக்கட்டும் என்றார். எல்லாரும் தலையசைத்தார்கள். எனக்கு அந்த வேலை தெரியாது, அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

மச்சானைக் கவனமாக இருக்கச் சொல். அவசரப்பட வேண்டாம்.

அண்ணா


மல்கிரேவ்
24.04.1977

இராஜேஸ்,

செத்தவீட்டன்று நீ என்னோடு பேசவில்லை. நான் மச்சானின் பெட்டியைத் தூக்கினேன், நீ மற்றப் பக்கம் திரும்பி நின்றாய். மெல்பேர்ன் வந்து சேரும் மட்டும் சிவனேஸ்வரி அழுதுகொண்டே வந்தாள். நான் அழவில்லை. இங்கே வந்து காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன்.

மெஷின் மச்சான்மேல் விழுந்தது சங்கிலி வழுகியதாலா, கொழுக்கி விட்டதாலா என்று இன்னும் அவர்களுக்கே தெரியாது. மரண விசாரணை செப்டெம்பரில் பரமட்டா நீதிமன்றத்தில் நடக்கும். கம்பனி வக்கீல் ஓர் அறிக்கை தயாரித்திருக்கிறார். ஃபோர்மன் கிரேனுக்குக் காத்திராமல் தன் எண்ணத்தில் மெஷினை இறக்கப் பார்த்தார் என்று அதில் இருக்கிறது. நான் பார்த்தேன். கிரேன் வேண்டாம் என்று கதைத்தது கூட்டக் குறிப்பில் எங்கும் இல்லை.

நான் இதை உனக்கு எழுதக்கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை. நொகுச்சி உன்னைப் பார்க்க வருவார். பிள்ளைகள் படித்து முடிக்கும்வரை கம்பனி பார்த்துக்கொள்ளும் என்கிறார். விசாரணையைப் பெரிதாக்காமல் விட்டால் எல்லாருக்கும் நல்லது என்று அவர்கள் நினைக்கிறார்கள். நீ இப்போது தனி ஆள். யோசித்து, மெதுவாகப் பேசு.

அண்ணா


செவன் ஹில்ஸ்
12.06.1977

அண்ணா,

உங்கள் நொகுச்சி வந்தார்.

கறுப்புக் கோட்டு. சப்பாத்தை நீங்கள் எழுதிய மாதிரியே கழற்றி வைத்தார். இவருடைய படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து, நெற்றி நிலத்தில் படக் குனிந்து, கனநேரம் எழும்பவே இல்லை. நான் அவரைத் திட்டுவதற்கு ஆங்கிலத்தில் சொற்களெல்லாம் பொறுக்கி வைத்திருந்தேன். அந்த முதுகைப் பார்த்ததும் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். பிளேட்டில் பிஸ்கற் அடுக்கினேன். அடுக்கும்போதுதான் எனக்கு உங்களை விளங்கியது அண்ணா. கை தன்பாட்டில் செய்கிறது.

இவருடைய கதிரையில்தான் இருந்தார். வேறு கதிரை இல்லை. பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு மெல்லக் கேட்டார், "விசாரணை அமைதியாக முடிந்தால், உங்கள் மனதுக்கு அது கஷ்டமாக இருக்குமா?"

அதே கேள்வி. அதே மாதிரி.

என் வாயில் "பாப்பம், தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்றுதான் வந்தது. நாக்கு நுனிமட்டும் வந்தது. நான் என் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னேன், கஷ்டம். என் மனிதர் அவசரக்காரர் இல்லை. தன் எண்ணத்துக்கு ஒரு ஆணியும் கழற்றாதவர். அவர்மேல் பழி போட நான் விடமாட்டேன் என்று. சொல்லிவிட்டு, பிஸ்கற் எடுங்கோ என்றேன். அதையும் சொன்னேன்.

அவர் ஒரு பிஸ்கற் எடுத்தார். சாப்பிடவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை எழுதுகிறேன், ஒரு சொல்லும் கூட்டவில்லை. செவன் ஹில்ஸை மூட ஒசாக்காவில் எல்லாருக்கும் விருப்பம் இருக்கவில்லையாம். தனக்கும் இல்லையாம். இங்கே இருந்து ஒருவராவது வேண்டாம் என்று சொன்னால், அதைக் கொண்டுபோய் அங்கே வைத்து நிறுத்திப் பார்க்கலாம் என்றுதான் உங்கள் வீட்டுக்கு வந்தாராம். "உங்கள் அண்ணா ஒரே ஒரு சொல் தந்திருந்தால் நான் அதைக் கொண்டு போயிருப்பேன்" என்றார். மூன்று தரம் கேட்டது அதற்குத்தானாம்.

இரவெல்லாம் இதை உங்களுக்கு எழுதுவதா என்று யோசித்தேன். எழுதத்தான் வேண்டும். நான் மட்டும் சுமக்க ஏலாது.

கிரேன் வேண்டாம் என்று சொன்ன அறையில் எங்கள் ஆள் நீங்கள் ஒருவர்தான். குறிப்பில் இல்லை என்றால் உங்கள் வாயில்தான் இருக்கிறது. செப்டெம்பரில் பரமட்டாவுக்கு வாருங்கள். வந்தால் நேரே என் வீட்டுக்கு வர வேண்டாம். முதலில் அங்கே சொல்லுங்கள். பிறகு வந்து சாப்பிடுங்கள்.

இராஜேஸ்வரி


மல்கிரேவ்
28.08.1977

இராஜேஸ்,

உன் கடிதத்தைச் சிவனேஸ்வரிக்குக் காட்டவில்லை. நண்டுக் கறி வைத்தது அவள்.

வக்கீல் என்னைச் சிட்னிக்குப் போகவேண்டாம் என்று எழுதியிருக்கிறார். பேட்டர்சன் கூப்பிட்டுத் தோளில் தட்டி, நீங்கள் புத்திசாலி என்றார். நொகுச்சியை ஒசாக்காவுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள், எனக்குச் சொல்லாமலே போய்விட்டார்.

இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இந்த முறை பேச்சு எழுதி வைக்கவில்லை.

அண்ணா


செவன் ஹில்ஸ்
18.09.1977

அண்ணா,

சொன்னீர்கள். கடைசி வாங்கில் இருந்து கேட்டேன். "கிரேன் வேண்டாம் என்று சபை முடிவெடுத்தது. நான் அந்த அறையில் இருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை." அவ்வளவுதான். வக்கீல் உங்களைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார், நீங்கள் அதையே திரும்பச் சொன்னீர்கள். உங்கள் கை மரச்சட்டத்தைப் பிடித்திருந்ததையும் பார்த்தேன். இவர்மேல் பிழை இல்லை என்று எழுதிவிட்டார்கள். அந்தத் தாளை இவருடைய படத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். இவர் வந்து அதை வாசிக்கப் போவதில்லை.

உங்களைக் கம்பனி வேலையால் நிறுத்திவிடுவார்கள் என்று தெரியும். நான் இங்கே ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிற பகுதியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ஊருக்கே வந்துவிடு என்று முன்பு எழுதிய சித்தி, போன மாதம் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்துக்குப் பிறகு, வராதே, அங்கேயே இரு என்று எழுதியிருக்கிறார். இனி எங்களுக்கு இந்த இடம்தான்.

இப்போது உங்களுக்கு ஒரு திட்டு. விசாரணை முடிந்ததும் நான் ஓடிவந்து சோறு வைத்தேன். கத்தரிக்காய் பொரித்தேன். பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். நீங்கள் நேரே ஸ்டேஷனுக்குப் போய்விட்டீர்கள். என்ன முகத்தோடு அவள் வீட்டில் சாப்பிடுவது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு உங்களைத் தெரியாதா?

என் கோபம் போகவில்லை. போகுமா என்றும் தெரியவில்லை. நீங்கள் வந்து என் முன்னால் இருந்தாலும் அதைத்தான் சொல்லுவேன், சோற்றைப் போட்டுக்கொண்டே சொல்லுவேன். சோறு வேறு, கோபம் வேறு அண்ணா. அதை நீங்கள் அன்றைக்கு அந்த மனிதர் வந்தபோது விளங்கியிருந்தால், இன்றைக்கு இந்தக் கதிரையில் இவர் இருந்திருப்பார்.

டிசெம்பர் நத்தார் லீவுக்கு மச்சாளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நண்டு மட்டும் கொண்டு வர வேண்டாம்.

தங்கச்சி
இராஜேஸ்